மெதுவாப் பாடு

"அடியே எழிலு, வாய மூடுறியா இல்லியா? அம்மா போயி மாசம் திரும்பல, அதுக்குள்ள உனக்குக் குத்துப்பாட்டு கேக்குதா?"

இருசம்மாள் போட்ட சத்தத்தில் தார்ஷீட் கொட்டகை வரிசையே திரும்பிப் பார்த்தது. பத்து வயசு எழிலரசி பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தாளம் தட்டியபடி, அந்த வருஷம் டீக்கடைக்கு டீக்கடை அலறிய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். சுனாமி குப்பத்தையே வாரிக்கொண்டு போயிருக்க, ஆட்டம் போட வைக்கிற பாட்டு. யாருக்குத்தான் வயிறு எரியாது?

சத்யப்பிரியாவுக்கு எரியவில்லை. அவள் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கடலூர்க் கரையில் புதிதாக முளைத்த ஒரு தொண்டு நிறுவனத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை.

"விடுங்கக்கா, கொழந்ததானே. பாடட்டும்."

"நீ சும்மா இரு மிஸ்ஸு. அம்மாவ அலை இழுத்துகினு போனதுலேர்ந்து இது ஒரு சொட்டு அழுவல. இப்பிடி அழுவாமயே கெடந்தா நெஞ்சுல கட்டிக்காதா? என் அண்ணன் பொண்ணாச்சே, எனக்கு பயமா கெடக்கு."

மறுநாள் சிதம்பரத்திலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர் இளவரசுவும் அந்தப் பாட்டைக் கேட்டார். அவர் திட்டவில்லை.

"நல்ல தொண்டை. ஆனா வெளிநாட்டு விசிட்டர் வர்றப்ப இப்பிடிக் குதிச்சுகினு பாடுனா, இவுங்களுக்கு என்னா கொறைன்னு கேப்பாங்க."

"வேற பாட்டு சொல்லிக் குடுக்கட்டுமா சார்?"

"வேணாம். இதே பாட்டு. மெதுவா. தாளம் கூடாது. நின்ன எடத்துல, கண்ண மூடிகினு பாடட்டும். கடைசி வரில கொரல் ஒடையணும். அவுங்களுக்கு வார்த்தையா புரியப்போவுது?"

சத்யப்பிரியாவுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. "இது நல்லபடியா அமைஞ்சா உன் வேலையப் பத்தி மேல பேசறேம்மா," என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார் மனுஷன். ஒரு மாதிரி இருந்தது கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

"மெதுவா எழில். இன்னும் மெதுவா. இங்க மூச்ச இழு. இந்த எடத்துல நிறுத்து."

"பேட்டரி போன ரேடியோ மாதிரி இருக்கு மிஸ்," என்று முதலில் சிரித்தாள் எழிலரசி. ஆனால், சும்மா சொல்லக்கூடாது, பிள்ளைக்குக் கற்பூர புத்தி. இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள். இடுப்பை ஆட்ட வைத்த மெட்டு, இழுத்துப் பாடியதும் ஒப்பாரியாகிவிட்டது. மாமன் மகனைக் கேலி பண்ணுகிற வரிகூட இழவு வீட்டுப் பாட்டாகக் கேட்டது.

விசிட்டர் வண்டி வந்தது. கடைசி வரியில் குரல் உடைந்து, எழிலரசியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். இளவரசு கர்ச்சீப்பை எடுத்தார். துடைத்தது கண்ணையா நெற்றியையா என்பது அவருக்கே வெளிச்சம்.

"அழுதுட்டாக்கா," என்று இருசம்மாளிடம் ஓடினாள் சத்யப்பிரியா. "மனசுல இருந்ததெல்லாம் எறங்கிடுச்சி."

இருசம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லாருப்ப மிஸ்ஸு."

அதற்கப்புறம் வண்டிகள் ஜாஸ்தியாயின. சென்னையிலிருந்து, டெல்லியிலிருந்து, கேமராவும் கையுமாக. ஒவ்வொரு தடவையும் அதே வரியில் குரல் உடைந்தது, கண்ணீர் வந்தது. சத்யப்பிரியாவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. தாயில்லாப் பிள்ளையைப் பாட்டாலேயே தேற்றிவிட்டோம் என்று அவள் மனசார நம்பினாள்.

உடல் கிடைக்கும் என்று காத்துக் காத்துப் பார்த்து, கடைசியில் கிடைக்காமலே காரியம் வைத்தார்கள். கடற்கரையில் கல் நிறுத்தி, அதற்குப் புதுச் சேலையைச் சாத்தினார்கள். பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு கதறினார்கள். எழிலரசியின் அப்பா அந்தக் கல்லையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நடுவில் எழிலரசி எல்லார் முகத்தையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுடி கண்ணு. இனிமே அம்மா வர மாட்டாடி. இப்பவாவது வாய்விட்டு அழுதுடு," என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள் இருசம்மாள்.

பிள்ளை அசையவில்லை. இருசம்மாள் நிமிர்ந்து சத்யப்பிரியாவைப் பார்த்தாள். "நீ சொல்லு மிஸ்ஸு. நீ சொன்னா கேக்கும்."

சத்யப்பிரியா பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்தாள்.

"பாடும்போதெல்லாம் அழுவியே எழில். இன்னிக்கு அம்மாவுக்குக் காரியம்டா. அழுதுடு."

எழிலரசி எழுந்து நின்று, ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் கேட்டாள்.

"விசிட்டர் யாருமே வரலியே மிஸ், இப்ப எதுக்கு அழுவணும்?"