முதலில் வந்த பக்கம்

"யாரு பாய் இந்த வேலைய செஞ்சது?"

சிரம்பான் பக்கம் ரந்தாவ் பட்டணத்தில் லியாக்கத் அலியின் உரக்கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஜெனவீவ் கேட்டாள். கையில் லேப்டாப் திறந்தபடியே இருந்தது.

கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவள் அவள். மூன்று மாதம் மெனக்கெட்டிருந்தாள். உரம், கையுறை, தெளிப்பான் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதிலிருக்கும் லிங்க் களைக்கொல்லிப் பக்கத்துக்கே கொண்டுபோய் விடும். அதிக லிங்க் வரும் பக்கத்தைத்தான் கூகல் மேலே காட்டும் என்பது அவள் கணக்கு; அதன்படி அந்தப் பக்கம் முதல் இடத்துக்கு வந்தது. தோட்டங்களிலிருந்து ஆர்டர் குவிந்தது.

இன்று காலை பார்த்தால், அத்தனை லிங்க்கையும் யாரோ மாற்றிவிட்டார்கள்.

"நாப்பது பக்கமும் ‘முதலுதவி’ங்கிற ஒரே பக்கத்துக்குப் போகுது! அதுல விக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல லா. ரேங்க் இறங்கிடும். பாஸ்வர்ட யாருகிட்ட கொடுத்தீங்க?"

"யாருக்கும் கொடுக்கல. நான்தாம்மா மாத்துனேன். நேத்து பூரா உக்காந்து."

ஜெனவீவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம்வரை ‘இன்னும் மேல கொண்டா’ என்று நச்சரித்த மனிதர்!

"உங்களுக்கென்ன பைத்தியமா?" வாய் தவறி வந்துவிட்டது.

பாய் கோபப்படவில்லை. நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"வெள்ளிக்கிழமை ஒருத்தன் போன் பண்ணான். புருஷனும் பொஞ்சாதியும் செம்பனைத் தோட்டத்துல மருந்து அடிக்கிறவங்க. குழாய் பிச்சுக்கிட்டு மருந்து அந்தப் பொண்ணு கண்ணுல பட்டிருச்சு. தண்ணி ஊத்தலாமா, கூடாதான்னு இவனுக்குத் தெரியல. மருந்து பேரைப் போட்டு, ‘கண்ணுல பட்டா என்ன செய்யணும்’னு போன்ல தேடியிருக்கான்."

"நம்ம முதலுதவிப் பக்கத்துலதான் எல்லாம் இருக்கே..."

"அது எங்கம்மா வந்துச்சு?"

‘எதையும் விக்காத பக்கம்’ என்று அதற்குப் போன லிங்க் எல்லாவற்றையும் வெட்டியவள் ஜெனவீவேதான்.

"கடைசியில எனக்குப் போன் அடிச்சான். நான் சொன்னப்புறம்தான் தண்ணி ஊத்துனான். அதுக்குள்ள இருபது நிமிஷம் போயிருச்சு."

"அந்த அக்கா இப்ப?"

"ஒரு கண்ணு போச்சு. முந்தாநாள் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் என்னைத் திட்டக்கூட இல்ல. அன்னைக்கு முதல்ல வந்த பக்கம் இதுதான் பாய்னு போனை என் கையில கொடுத்தான்."

"என்ன போட்டிருந்துச்சு?"

"‘ரெண்டு டின் வாங்கினால் ஒரு டின் இலவசம்.’"