வல்லிக்கு என்ன வியாதி?

“நடிக்காதே வல்லி, எழுந்திரு!” என்று கத்தினேன்.

என் மனைவி சுந்தரவல்லி சமையலறை வாசலில் விழுந்து கிடந்தாள். தரையெல்லாம் சாம்பார். அந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

“நடிக்கலைங்க. காலு தரையில இருக்கான்னே தெரியலை. பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கு.”

இரண்டு வருஷமாக இதே பேச்சு. முதலில் விரல்கள் மரத்தன. பிறகு பாதம். இருட்டினால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது.

டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுத்தார்கள். கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். தலையை ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல் என்றார்கள். வயசாயிடுச்சு என்றார் ஒருவர். ஐம்பத்திரண்டு ஒரு வயசா?

காரணம் எனக்குத் தெரியும். என் தம்பி செல்வராஜ்தான்.

அவனை டெல்லிக்குக் கூட்டிவந்து படிக்கவைத்தவன் நான். நான் பியூன், அவன் கிளார்க் ஆனான். எண்பத்தாறில் ஒரு கல்யாணத்தில் அவனுடைய ஆபீசர் என்னைக் காட்டி, “யார் இவர்?” என்று கேட்டார்.

“எங்க ஊர்க்காரர் சார்” என்றான்.

அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். பன்னிரண்டு வருஷம். எத்தனையோ தடவை வாசலில் வந்து நின்றான். கதவைத் திறக்கவில்லை. ஆர்.கே.புரத்தில் நாலு தெரு தள்ளித்தான் அவன் வீடு. போன வருஷம் அவன் செத்தபோதும் நான் போகவில்லை.

“செய்வினை வச்சுட்டுத்தான் போயிருக்கான்” என்றேன் ஆபீஸில்.

கூட வேலை செய்யும் லட்சுமணன் சிரித்தான். “அண்ணே, செத்தவனை விடுங்க. பெரிய ஆஸ்பத்திரியில நரம்பு டாக்டரைப் பாருங்க. ஆனா செய்வினைக்கு அங்க தனி க்யூ கிடையாது.”

பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மாசம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அதற்குள் கைத்தாங்கலாகப் பிடிக்காமல் வல்லியால் பாத்ரூம்கூடப் போக முடியவில்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். இந்திக்காரி. வல்லியைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னாள். வல்லி அப்படியே சாய்ந்தாள். ரத்தம் எடுத்தார்கள். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது.

“ரத்தத்துல ஒரு வைட்டமின் சுத்தமா இல்லை. அதுலதான் நரம்பு கெட்டுப்போச்சு. மாமிசம் சாப்பிடுவீங்களா?”

“நாங்க சைவம்” என்றேன்.

“பால், தயிர்?”

“தினம் ஒரு லிட்டர் பால் நானே பூத்துக்குப் போய் வாங்கறேன். தயிர் இல்லாம எங்க வீட்டுல சாப்பாடே கிடையாது.”

“உங்களைக் கேக்கலை அங்கிள்ஜி. மாஜி, நீங்க சாப்பிடறீங்களா?”

வல்லி தலையைக் குனிந்துகொண்டாள். “இல்லை. பன்னிரண்டு வருஷமா தொடறதில்லை.”

நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

“ஊசி போடறோம். இதுக்கு மேல மோசமாகாது” என்றாள் டாக்டர். “ஆனா ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க. போன நடை திரும்பறது கஷ்டம். இனிமேலாவது பால் குடிங்க.”

வெளியே ஒரு டீக்கடை பெஞ்சில் அவளை உட்காரவைத்து, ஒரு கிளாஸ் பால் வாங்கி நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“எதுக்குடி இப்படிப் பண்ணினே?”

“நீங்களும் தம்பியும் பேசிக்கணும்னு மலை மந்திர் முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். நீங்க தம்பிகிட்ட பேசற வரைக்கும் பால், தயிர் தொடமாட்டேன்னு.”

கிளாஸை அவள் பக்கத்தில் பெஞ்சில் வைத்தேன்.

“சரி, அதான் முடிஞ்சுபோச்சே. அவன்தான் செத்துட்டானே. குடி வல்லி.”

அவள் கிளாஸை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

“பேசற வரைக்கும்னுதாங்க வேண்டிக்கிட்டேன். செத்துட்டா விட்டுடறேன்னு சொல்லலையே.”