பிணவறைக் காட்சி

மூன்றாவது மூச்சும் போய்விட்டது.

துரைச்சிங்கம் இன்னும் வாய் திறக்கவில்லை.

மேடையில் ஒரு தள்ளுவண்டி. அதன்மேல் பாதி விலக்கிய வெள்ளைத் துணி. முன்னால் அவர் மட்டும். பிணவறைக்குள் ஒரு தகப்பன். மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே நிற்கும் போலீசுக்குக் கேட்கும்படி "இது எம்மகன் இல்ல" என்று பொய் சொல்ல வேண்டும். நாடகமே அந்தப் பொய்யில்தான் நிற்கிறது.

ஒத்திகையில் மூன்று மூச்சு எடுப்பார். பிறகு சொல்வார்.

மேடை ஓரத்துக் கறுப்புத் திரைக்குப் பின்னால் மரகதம் நின்றிருந்தாள். நாடகத்தில் தொடங்கி, சினிமாவுக்குப் போய், பேர் வாங்கி, பரிசு வாங்கி, வசவும் வாங்கி, இப்போது மதுரைக்கே திரும்பி வந்து அவள் இயக்கும் நாடகம். இன்றுதான் அரங்கேற்றம்.

துரைச்சிங்கம் வேண்டாம் என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். ஒத்திகையில் நடுவில் நின்றுவிடுகிறார். ஒருநாள், தான் யாராக நடிக்கிறோம் என்றே கேட்டார். சரி, திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கவாவது ஓர் ஆளை நிறுத்துவோம் என்றார்கள்.

"அண்ணன் மறக்க மாட்டாரு" என்று ஒரே போடாகப் போட்டாள்.

அந்தத் தெனாவட்டு அவள் கூடப் பிறந்தது. மழையில் செட் சரிந்தபோது, சரிந்த செட்டிலேயே படம் எடுத்து முடித்தவள்.

மூச்சுகளை எண்ணுவதை விட்டுவிட்டாள்.

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அவருடைய வலது கை எதையோ தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தது. ஒத்திகையில் இல்லாத அசைவு அது.

அவள் பயந்து வெகுகாலம் ஆகிறது. பயத்தில் வாய் முந்திக்கொண்டது. படப்பிடிப்பில் பழகிய வாய்.

"கட்."

அரங்கம் முழுக்கக் கேட்டது.

மேடையில் கட் கிடையாது. இன்னொரு டேக்கும் கிடையாது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரை நம்பாதவர்கள் எல்லோரும் சும்மா இருக்க, நம்பியவள் கெடுத்தாள்.

துரைச்சிங்கம் மெல்லத் தலையைத் திருப்பினார். அவள் நின்ற இருட்டைப் பார்த்தார்.

அவளுடைய முதல் படத்தில் நடித்துவிட்டு, மனுசனை மூச்சுவிட விடாமல் கட் சொல்கிறாள் என்று கோபித்துக்கொண்டு மேடைக்கே திரும்பியவர். அந்தப் பழைய கோபம் கண்ணுக்குள் வந்தது.

"வெரட்டாதீங்கம்மா. பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

வண்டிப் பக்கம் திரும்பினார். துணியை இழுத்து மூடினார்.

"இது எம்மகன் இல்ல."

அரங்கில் யாரோ ஒரு பெண் வாய்விட்டு அழுதாள்.

நாடகம் முடிந்து கைதட்டல் ஓய்ந்தபின் பார்வையாளர் ஒருவர் அவளைத் தேடி வந்தார். இருட்டுக்குள்ளிருந்து அந்தக் குரலை வைத்தீர்களே, அதிகாரத்தின் குரல், என்ன ஒரு யோசனை என்றார். அவள் தலையாட்டி வைத்தாள். வேறென்ன செய்வது.

ஒப்பனை அறையில் அவர் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"மன்னிச்சிருங்கண்ணே. நம்பாமப் போயிட்டேன்."

அவர் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"நாளைக்கும் சொல்லு, மரகதம்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் நிஜமாகவே மறந்துதான் நின்றிருந்தார். புரிந்ததைக் குரலில் காட்டவில்லை.

"சொல்றேண்ணே. அதே எடத்துலதான?"

அவர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதற்குள்ளிருந்தே பேசினார்.

"எந்த எடம்னு நீதான் பாத்துக்கணும்."

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே, கறுப்புத் திரைக்குப் பின்னால் அவள் தன் இடத்தில் நின்றிருந்தாள்.