என்ன கொழம்பு?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லூர்துசாமிக்கு நாற்பத்தாறு வயது. வேலை முடிந்ததும் அவன் அசந்து தூங்கிவிடுவதால், போனிலிருக்கும் 'மாற்றுக்குரல்' என்ற செயலிதான் அவன் குரலிலேயே தினமும் ஊரிலிருக்கும் மனைவி பிலோமியிடம் பேசும். அவளுக்குச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. இனி அந்த வீட்டுக்குத் தான் எதற்கு என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

அன்று மாற்றுக்குரல் பழுது. தயங்கித் தயங்கி அவனே கூப்பிட்டான்.

"பிலோமி, இன்னைக்கு என்ன கொழம்பு?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏங்க, நெசமாவே நீங்களா?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அது தெனமும் 'சாப்டியா'ன்னு ஆசையா கேக்கும். நீங்க என்னைக்குக் கேட்டீங்க? கொழம்பத்தான கேப்பீங்க!"

"தெரிஞ்சுமா ரெண்டு வருசமா அதுகிட்ட பேசுனே?"

"என்னைக்காவது நீங்க பேசுவீங்கல்ல, அதுக்குத்தான்."

லூர்துசாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "சரி, என்ன கொழம்புன்னு சொல்லலியே?"

"நெத்திலி. ஆறுறதுக்குள்ள வந்து சேருங்க."