நாலாவது திரை

“எது அசையுதோ அதப் பாரு, போதும். அசையாதது எங்கயும் ஓடிப்பூடாது” என்றார் லியோனார்ட்.

எண்ணூரில் அந்தக் கிடங்குக்கு அவர்தான் சூப்பர்வைசர். கேமரா அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏசி இரைச்சலில் வெளியே என்ன நடந்தாலும் காதில் விழாது.

வல்லரசு தலையை மட்டும் ஆட்டினான். திரைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். போன வாரம் ஒருத்தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைக் கவனிக்காமல் விட்டுவிட்டான். இன்னொரு தடவை அப்படி நடந்தால் பையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று லியோனார்ட் எச்சரித்திருந்தார்.

மூன்று திரைகளில் கிடங்கின் உள்பக்கம். நாலாவதில் பின்கேட். செம்புக் கம்பிச் சுருள்கள் அடுக்கியிருந்தது அங்கேதான். இன்றைக்கு லோடு கிடையாது என்று காலையிலேயே வல்லரசுக்குச் சொல்லிவிட்டார்கள். மீறி லாரி ஏதாவது வந்தால், திரையில் பார்த்த உடனே வாட்ச்மேன் லோகநாதனுக்கு அவன் போன் அடிக்க வேண்டும். போன் வராவிட்டால் சரியான வண்டிதான் என்று அவர் ஏற்றி அனுப்பிவிடுவார். அங்கே வழக்கம் அதுதான்.

மதியம் கரண்டு போனது. திரைகள் கறுத்து, ஜெனரேட்டர் ஓடியதும் திரும்ப வந்தன. பதறிப்போய் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பின்கேட்டில் சுருள்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. லோகநாதனும் நாற்காலியில்தான் இருந்தார்.

அப்பாடா.

அதற்கப்புறம் கண்ணுக்கு ஓய்வே இல்லை. ஒரு திரையில் ஃபோர்க்லிஃப்ட் திடீரென்று பின்னால் வந்தது. இன்னொன்றில் அட்டைப்பெட்டி சரிந்தது. பூனை ஒன்று மேலிருந்து குதித்தபோது அவனே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். நல்லவேளை, நாலாவது திரை மட்டும் தொந்தரவு கொடுக்கவில்லை.

பார்வையைத் திருப்பாமலே போனை வாயருகே பிடித்தான். அவன் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொண்டது.

“அக்கா, அம்மாகிட்ட சொல்லிடு. இன்னிக்கு ஒரு தப்பும் நடக்கல. வேல போவாது.”

லியோனார்ட் எட்டிப் பார்த்தார். “லோகநாதன் இன்னா, தூங்கிகினு கீறாரா?”

வல்லரசுக்கும் அந்தச் சந்தேகம் வெகுநேரமாக இருந்தது. ஆனால் அந்த மனிதரின் வேலைக்கு இவன் ஏன் உலை வைக்க வேண்டும்?

“இல்ல சார். முழிச்சுதான் இருக்காரு.”

“அவரு பகல்ல முழிச்சி நான் பாத்ததே இல்லியே” என்று முணுமுணுத்தபடி லியோனார்ட் நகர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு மறுபடி திறந்தது. அவர்தான் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்து, “எல்லாம் சரியா இருக்கு சார்” என்றான்.

“சரியாத்தான் கீது நைனா. நீ போன் அடிக்கல, அதான் லாரியில செம்பு அத்தினியும் ஏத்தி வுட்டுட்டேன். இன்னா மழடா இது.”

வல்லரசு திரும்பினான். நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டு லோகநாதன் நின்றிருந்தார்.

நாலாவது திரையில், சுள்ளென்ற வெயிலில், அவர் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.