கூடத்துச் சுவரில் சென்னம்மா

மத்திகிரியில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாவைச் சுதந்திரம் வந்த ஒன்பதாம் வருடம், வெளிநாட்டுத் தூதர்கள் தங்குவதற்காகப் புதுப்பித்திருக்கிறார்கள். ஊர்ச்சனம் பார்க்க இன்று ஒருநாள் மட்டும் திறந்திருக்கிறது. வார்னிஷ் வாடை அடிக்கும் கூடத்தில் தஞ்சாவூர்த் தட்டுகளையும் காஞ்சிப் பட்டுத் திரைகளையும் தாண்டி வந்த மல்லக்கா, மேற்குச் சுவர் ஓவியத்தின் முன்னால் நின்றுவிடுகிறாள். ஜன்னல் வழியே விழும் வெயிலில், படத்தில் ஓர் இளம்பெண் கேழ்வரகுக் கதிர்க் கூடையைச் சுமந்து நிற்கிறாள். மல்லக்காவின் மகள் சென்னம்மா இங்கே புதுப்பிப்பு வேலையில் சுண்ணாம்பு சுமந்துகொண்டிருந்தபோது, அவளைப் பார்த்துத்தான் பட்டணத்து ஓவியர் அதை வரைந்தார். வரைந்து முடித்த மாதமே அவள் பிரசவத்தில் போய்விட்டாள். அவளுடைய போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. மூக்கோரத்து மச்சத்தையும் ஓவியர் விடவில்லை. கீழே பித்தளைத் தகட்டில் ஏதோ எழுதியிருக்கிறது.

“என்னா எழுதியிருக்குதுண்ணா?” என்று காவலாளியைக் கேட்கிறாள்.

“‘இந்தியப் பெண்’னு போட்டிருக்குதும்மா.”

“இல்லீங்கண்ணா, இவ சென்னம்மா. எம் மவ.”

அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார். பின்னால் சனம் நெருக்குகிறது. “நடம்மா, வரிசை நின்னுபோச்சு,” என்கிறார் குரலைத் தாழ்த்தி.

“நாளைக்கு வந்தா உடுவீங்களா?”

“நாளையிலேர்ந்து தொரைமாருங்க வந்துருவாங்க. யாரையும் உட மாட்டாங்கம்மா.”

மகளின் பாதத்துக்கு நேரே, சுவரில் படாமல், கையைச் சற்று நேரம் வைத்திருக்கிறாள். பிறகு வெளியே வந்து, புளியமரம் வரை நீண்டிருக்கும் வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றுகொள்கிறாள்.