மூன்றாவது முறை

அப்பாவின் காரியம் முடிந்து மறுநாள் வேலைக்குக் கிளம்பிய முனிரத்தினத்தின் மொட்டையையும் மழித்த மீசையையும் சாப்பாடு டெலிவரி செயலி ஏற்கவில்லை. இரண்டு முறை கைபேசிக்கு முகத்தைக் காட்டிவிட்டான். மூன்றாவதும் பொருந்தாவிட்டால் கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும் என்றது விதி.

"முடி வளர்றவரைக்கும் பொறுக்காதாமா?" என்றாள் அம்மா பச்சையம்மா.

"அதுக்கு யாரு செத்தா என்னம்மா?"

பச்சையம்மா சுவரைப் பார்த்தாள். மாலை போட்ட படத்தில் புருஷன் முப்பது வயதில் மீசையோடு இருந்தார், மகனை உரித்து வைத்த மாதிரி. வேறு படம் அவர் எடுத்துக்கொண்டதேயில்லை. மாலையைக் கழற்றினாள். கண்ணாடிமேல் நெற்றியில் வைத்திருந்த பொட்டை முந்தானையால் துடைத்தாள்.

"ஆடாம புடிக்கிறேன். அமுக்குடா."

முகம் பொருந்தியது என்று காட்டிய திரை, இதுவரை கேட்காத ஒன்றை அடுத்துக் கேட்டது: கண்களைச் சிமிட்டவும்.

அம்மாவும் மகனும் படத்தையே பார்த்தார்கள்.